கல்லூரி சேஃப்டிகளை ஒப்பிடுவது எப்படி? என்எஃப்எல் டிராஃப்டுக்கான முழுமையான வழிகாட்டி

அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லின் அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வுதான் டிராஃப்ட். 2010 டிராஃப்டில் சேஃப்டி இடத்துக்கு, அதாவது டிஃபென்ஸின் பின்வரிசைக்கு, மூன்று பெயர்கள் பெரிதாகப் பேசப்பட்டன. டென்னசி பல்கலைக்கழகத்தின் எரிக் பெர்ரி, டெக்சஸின் எர்ல் தாமஸ், தெற்கு கலிஃபோர்னியாவின் டெய்லர் மேய்ஸ். உடம்பை வைத்துப் பார்த்தால் மேய்ஸுக்குப் பக்கத்தில் யாரும் நிற்க முடியாது. 6 அடி 3 அங்குலம், 230 பவுண்ட், அந்த எடையோடு 40 கெஜத்தை 4.43 வினாடியில் ஓடினார். தாமஸின் உயரம் 5 அடி 10 அங்குலம்தான்.

மேய்ஸுக்குக் கல்லூரியில் நான்கு ஆண்டுகள் பயிற்சி கொடுத்தவர் பீட் கேரல். அந்த ஆண்டு ஜனவரியில்தான் அவர் சியாட்டில் சீஹாக்ஸுக்குப் போயிருந்தார். 14வது தேர்வு அவர் கையில் வந்தபோது தன் மாணவரை விட்டுவிட்டுத் தாமஸை எடுத்தார். அப்புறம் ஐந்தாவது சுற்றில், 133வது இடத்தில், மேய்ஸ் அளவுக்கே ஆகிருதி கொண்ட காம் சான்சலரை எடுத்தார். மேய்ஸ் 49வது ஆளாக சான் பிரான்சிஸ்கோவுக்குப் போனார். எந்த அணியிலும் நிலையான இடம் பிடிக்கவில்லை. தாமஸும் சான்சலரும் 2014 பிப்ரவரியில் டென்வரை 43-8 என்று வீழ்த்தி, என்எஃப்எல் இறுதிப் போட்டியான சூப்பர் போல் வென்ற அணியின் முதுகெலும்பாக இருந்தார்கள்.

சேஃப்டிகளை ஒப்பிட உட்காரும் ஒவ்வொரு முறையும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான். தாமஸ் ஒரு வேலைக்கு, சான்சலர் இன்னொரு வேலைக்கு. இரண்டு பேரையும் ஒரே பட்டியலில் போட்டு "யார் பெரியவர்" என்று கேட்டால் பதிலே கிடைக்காது. வேலையைப் பிரித்து, அந்தந்த வேலைக்குள் ஒப்பிட வேண்டும். கீழே சொல்லும் படிகள் எல்லாம் இந்த ஒரு அடிப்படையிலிருந்து வருபவை.

படி 1: முதலில் வேலையைப் பிரியுங்கள்

கிரிக்கெட்டில் எல்லைக்கோட்டருகே நிற்கும் ஃபீல்டரைத் தாண்டினால் நான்கு ரன். அமெரிக்கக் கால்பந்தில் சேஃப்டியைத் தாண்டினால் பெரும்பாலும் டச்டவுன், அதாவது ஆறு புள்ளி. டிஃபென்ஸின் கடைசி ஆள் அவர். ஆனால் அந்தக் "கடைசி ஆள்" வேலை இன்று ஒன்றல்ல, மூன்று.

ஒன்று, நடு ஆழம். மற்ற எல்லாரும் முன்னால் இருக்க, ஒரே ஒருவர் மைதானத்தின் நடுவில் பின்னால் நின்று இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரை காக்க வேண்டும். எர்ல் தாமஸ் செய்த வேலை. பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கின் கண்ணைப் படித்து, பந்து கையை விட்டுக் கிளம்பும் முன்பே ஓடத் தொடங்குபவருக்குத்தான் இது சரிப்படும்.

இரண்டு, பாதி ஆழம். இரண்டு சேஃப்டிகள் ஆளுக்கொரு பக்கமாகப் பின்னால் நிற்பார்கள். காக்க வேண்டிய பரப்பு குறைவு. ஆனால் பந்தைக் கையில் எடுத்து ஓடும் ஆட்டம் என்று தெரிந்ததும் பின்னாலிருந்து முன்னால் பாய்ந்து வந்து டேக்கிள் செய்ய, அதாவது ஓடுபவரை மடக்கி வீழ்த்த, வேண்டும். டிஃபென்ஸ் பயிற்சியாளர் விக் ஃபாஞ்சியோவின் பாணி பரவிய பிறகு என்எஃப்எல்லில் இந்த அமைப்பு மிகவும் அதிகமாகிவிட்டது. பந்து கிளம்பும் முன் இருவரும் பின்னால் நிற்பதுபோல் காட்டிவிட்டு, கிளம்பியதும் ஒருவர் முன்னே வர, மற்றவர் நடுவுக்குப் போவார். ஆகவே இரண்டு வேலையும் தெரிந்தவருக்கு மதிப்பு கூடியிருக்கிறது.

மூன்று, முன்வரிசை வேலை. டிஃபென்ஸின் இரண்டாம் வரிசை ஆட்களான லைன்பேக்கர்களோடு கூட்டத்துக்குள் நிற்பது, அல்லது எறியும் பந்தைப் பிடிக்கும் ரிசீவர்களில் உள்பக்கம் நிற்பவருக்கு எதிரே, ஸ்லாட் என்ற இடத்தில் நிற்பது. சான்சலர் இந்த வகை. இன்றைய கைல் ஹாமில்டன் இதையும் செய்கிறார், மற்ற இரண்டையும் செய்கிறார்.

ஒரு தாளை எடுத்து மூன்று பத்திகள் போடுங்கள். ஒவ்வொரு ஆட்டக்காரரும் தன் கல்லூரியில் எந்த வேலையை அதிகம் செய்தார் என்று பார்த்து அந்தப் பத்தியில் எழுதுங்கள். அவருக்குப் பொருந்தும் என்று நீங்கள் நினைக்கும் பத்தியில் எழுத வேண்டாம். அது பின்னால் வரும்.

படி 2: எந்த ஆட்டத்தை, எப்படிப் பார்ப்பது

தொலைக்காட்சி ஒளிபரப்பில் சேஃப்டியைப் பார்ப்பது சிரமம். கேமரா பந்தைத்தான் பின்தொடரும். பந்து கிளம்பும் நேரத்தில் ஆழத்தில் நிற்கும் சேஃப்டி பல தடவை திரைக்கு வெளியே இருப்பார். 22 பேரையும் காட்டும் பயிற்சியாளர் காணொளி என்எஃப்எல் ஆட்டங்களுக்குச் சந்தா கட்டினால் கிடைக்கும். கல்லூரி ஆட்டங்களுக்கு ரசிகர்கள் கையில் எளிதாகக் கிடைப்பதில்லை.

அதனால் கையில் இருப்பதை வைத்துத்தான் வேலை செய்ய வேண்டும். மறுஒளிபரப்பில் கோல் கம்பத்துக்குப் பின்னாலிருந்து காட்டும் கோணம் வரும்போது நிறுத்தி, பின்னோக்கி ஓட்டிப் பாருங்கள். பந்து கிளம்பும் முன் அகலக் காட்சியில் அவர் எங்கே நின்றார், பந்து விழும் இடத்தில் அவர் எப்போது திரைக்குள் வந்தார், இந்த இரண்டையும் குறித்துக்கொண்டால் நடுவில் என்ன நடந்திருக்கும் என்பது பெரும்பாலும் புரிந்துவிடும். திரைக்குள் முதலில் நுழைபவர் அவரா, இல்லை எல்லாம் முடிந்த பிறகு ஓடி வருகிறாரா? இந்த ஒரு கேள்வியே பாதி விஷயத்தைச் சொல்லும்.

ஒருவருக்கு நான்கைந்து முழு ஆட்டங்கள் போதும். ஆனால் அவற்றைக் கவனமாகப் பொறுக்குங்கள். நல்ல குவார்ட்டர்பேக்கோடு மோதிய ஆட்டம் ஒன்று. ஓடியே ஆடும் அணியோடு ஒன்று. அவருடைய அணி படுதோல்வி அடைந்த ஆட்டம் ஒன்று கட்டாயம் வேண்டும். சீசனின் கடைசி வாரங்களில், உடம்பு களைத்திருக்கும்போது ஆடியது ஒன்று. சிறப்புக் காட்சித் தொகுப்பை மட்டும் பார்த்துவிட்டு யாரையும் வரிசைப்படுத்தாதீர்கள். சேஃப்டியின் தவறுகள் தொகுப்பில் வராது, அவர் தடுத்து நிறுத்திய டச்டவுன்களும் வராது. குவார்ட்டர்பேக் அந்தப் பக்கம் பார்த்துவிட்டு "வேண்டாம்" என்று வேறு பக்கம் எறிவது ஒரு சேஃப்டிக்குக் கிடைக்கும் பெரிய பாராட்டு. அதை யாரும் வெட்டி ஒட்டிப் பதிவேற்றுவதில்லை.

படி 3: கண்ணும் முதல் அடியும்

ஒவ்வொரு ஸ்னாப்பிலும், அதாவது பந்து கிளம்பி ஆட்டம் தொடங்கும்போதும், முதல் ஒரு வினாடியை மட்டும் பாருங்கள். பந்து நகர்ந்ததும் அவர் கால் எந்தப் பக்கம் போகிறது? ஓடும் ஆட்டம்போல் பாவனை காட்டி எறியும்போது முன்னால் ஓடி ஏமாறுகிறாரா? ஏமாந்தாலும் எத்தனை அடியில் திருத்திக்கொள்கிறார்?

இங்கே கல்லூரி விதிகளுக்கும் என்எஃப்எல் விதிகளுக்கும் உள்ள வேறுபாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். கல்லூரியில் பந்து எறியப்படும்போது எறியும் அணியின் முன்வரிசை ஆட்களான லைன்மேன்கள், பந்து கிளம்பிய கோட்டைத் தாண்டி 3 கெஜம் வரை போகலாம். என்எஃப்எல்லில் 1 கெஜம்தான். லைன்மேன் முன்னால் வருவதைக் கண்டால் "ஓடும் ஆட்டம்" என்று நம்புவதுதான் சேஃப்டியின் இயல்பு. கல்லூரியில் அந்த 3 கெஜ வசதியைப் பயன்படுத்தி அவரை இழுத்துவிட்டு, தலைக்கு மேல் எறிவார்கள். ஆகவே அப்படி ஏமாந்த ஒன்றிரண்டு தடவைகளுக்காகக் கல்லூரிச் சேஃப்டியைக் கடுமையாகத் தண்டிக்க வேண்டாம். நேரான பாவனை ஆட்டத்தில், லைன்மேன் பின்னுக்குச் சாய்ந்து நிற்பது கண்ணுக்குத் தெரிந்தும் முன்னால் ஓடினால், அது வேறு. அதைச் சிவப்பு மையில் குறியுங்கள்.

இன்னொரு வேறுபாடு மைதானத்திலேயே வரையப்பட்டிருக்கிறது. பந்தை வைக்கும் உள்கோடுகளுக்கு இடையே கல்லூரியில் 40 அடி இடைவெளி. என்எஃப்எல்லில் 18 அடி 6 அங்குலம். மைதானத்தின் அகலம் இரண்டிலும் 160 அடிதான். கணக்குப் போட்டுப் பாருங்கள். கல்லூரியில் பந்து ஒரு கோட்டில் இருந்தால் ஒரு பக்கம் 100 அடி, மறுபக்கம் 60 அடி. என்எஃப்எல்லில் ஏறத்தாழ 89 அடி, 71 அடி.

அதாவது, கல்லூரியில் குறுகிய பக்கத்தைக் காக்கும் சேஃப்டிக்கு ஓரக்கோடே பாதித் துணை. அந்தப் பக்கத்தில் நிற்பவர் நேர்த்தியாக, தவறே இல்லாமல் ஆடுவதுபோல் தோன்றும். என்எஃப்எல்லுக்கு வந்ததும் அவர் காக்க வேண்டிய இடம் திடீரென்று விரியும். அகலப் பக்கத்தில் நின்று 100 அடியைச் சமாளித்தவருக்கு மாற்றம் எதிர்த்திசையில் வரும். கொஞ்சம் மூச்சு விடலாம். பல கல்லூரிகள் அகலப் பக்க சேஃப்டி, குறுகிய பக்க சேஃப்டி என்றே பிரித்து வைத்திருக்கின்றன. உங்கள் ஆள் எந்தப் பக்கம் நின்றார் என்று எழுதாமல் அவருடைய ஆழ ஆட்டத்துக்கு மதிப்பெண் போடாதீர்கள்.

படி 4: டேக்கிள், அதிலும் கடைசி ஆளாக நின்று செய்யும் டேக்கிள்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவழிக்கச் சொல்வேன். ஒரு சீசனில் சேஃப்டிக்கு இன்டர்செப்ஷன் (எதிரணி எறிந்த பந்தைப் பறிப்பது) வாய்ப்பு விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் வரும். டேக்கிள் ஒவ்வொரு வாரமும் வரும். அவர் தவறவிட்டால் பின்னால் யாரும் இல்லை.

மொத்த டேக்கிள் எண்ணிக்கையைக் கண்டு மயங்க வேண்டாம். ஒரு சேஃப்டி 100 டேக்கிள் செய்தார் என்றால் முன்வரிசை ஓட்டை என்றும் பொருள் கொள்ளலாம். பார்க்க வேண்டியது தவறவிடும் விகிதம். தவறவிட்டவற்றை, செய்தவையும் தவறவிட்டவையும் சேர்ந்த மொத்தத்தால் வகுக்க வேண்டும். உதாரணத்துக்கு, ஒருவர் 80 செய்து 8 தவறவிட்டார் என்றால் 88க்கு 8, ஏறத்தாழ 9 சதவீதம். இன்னொருவர் 60 செய்து 15 தவறவிட்டார் என்றால் 75க்கு 15, சரியாக 20 சதவீதம். 10க்குக் கீழே என்றால் நான் நிம்மதியாக இருப்பேன். 15ஐத் தாண்டினால் ஒவ்வொரு தவறையும் திரும்பப் போட்டுப் பார்ப்பேன்.

ஏனென்றால் எல்லாத் தவறும் ஒன்றல்ல. கூட்டத்துக்குள் நுழைந்து, ஓடுபவரின் காலைத் தட்டி, அவரை மெதுவாக்கி, இன்னொருவர் வந்து வீழ்த்தினால் கணக்கில் அதுவும் தவறுதான். ஆனால் அணிக்கு நஷ்டமில்லை. திறந்த வெளியில் 15 கெஜம் பின்னால் தனியாக நின்று, கோணத்தைத் தப்பாகப் பிடித்து, ஆளைத் தொடக்கூட முடியாமல் விடுவதும் கணக்கில் ஒரே ஒரு தவறுதான். ஆனால் அது ஆறு புள்ளி. ஆகவே ஒவ்வொரு தவறுக்கும் பக்கத்தில் அதற்குப் பிறகு எத்தனை கெஜம் போனது என்று எழுதுங்கள். இரண்டு சேஃப்டிகளின் விகிதம் ஒன்றாக இருந்தாலும் இந்தப் பத்தி அவர்களைப் பிரித்துக் காட்டிவிடும்.

உடல் எப்படி வருகிறது என்பதையும் பாருங்கள். நல்ல டேக்கிளர் நெருங்கும்போது அடிகளைச் சுருக்குவார், இடுப்பைத் தாழ்த்துவார், எதிராளியின் இடுப்பைப் பார்ப்பார், கைகளைச் சுற்றி வளைப்பார். தோளை மட்டும் வீசி இடிப்பவர் கைதட்டல் வாங்குவார், அடுத்த வாரம் தவறவிடுவார். கல்லூரியில் தலையைக் குறிவைத்து இடித்தால் ஆட்டத்திலிருந்தே வெளியேற்றும் விதி இருக்கிறது. ஒரே சீசனில் இரண்டு தடவை அப்படி வெளியேற்றப்பட்டவர் என்றால் அது துர்பாக்கியமா, பழக்கமா என்று காணொளியைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

அலபாமாவின் பிரையன் பிராஞ்ச் இதற்கு நல்ல பாடம். டிராஃப்டுக்கு முன் நடக்கும் உடல்திறன் சோதனையான காம்பைனில், 2023இல், 40 கெஜத்தை 4.58 வினாடியில் ஓடினார். சேஃப்டிக்கு அது சாதாரண வேகம். ஆனால் ஸ்லாட்டில் நின்று எதிராளியைக் கீழே தள்ளுவதில் அவ்வளவு உறுதி. டெட்ராய்ட் லயன்ஸ் அவரை 45வது இடத்தில் எடுத்தது. அவர்தான் அந்த ஆண்டின் முதல் சேஃப்டி. வந்த முதல் ஆட்டத்திலேயே கன்சாஸ் சிட்டியின் பந்தைப் பறித்துக்கொண்டு ஓடி டச்டவுன் அடித்தார்.

படி 5: ஆளை ஒட்டி ஓடும் திறன்

தடுப்பும் பிடிப்புமாக ஆடும் பெரிய உடம்புக்காரரான டைட் எண்டையும் ஸ்லாட் ரிசீவரையும் நேருக்கு நேர் காக்க முடியுமா என்பதுதான் கேள்வி. கல்லூரியில் இதைச் செய்யாத சேஃப்டிகள் நிறைய. அப்படியானால் அலபாமாவின் மொபைல் நகரில் டிராஃப்டுக்கு வரும் கல்லூரி ஆட்டக்காரர்களுக்காக நடக்கும் சீனியர் போல் பயிற்சி வாரத்தின் ஒற்றைக்கு ஒற்றைப் பயிற்சிகளைப் பாருங்கள்.

விதி வேறுபாடு இங்கேயும் உண்டு. என்எஃப்எல்லில் கோட்டிலிருந்து 5 கெஜத்துக்கு அப்பால் ரிசீவரைத் தொட்டுத் தடுக்கக் கூடாது. ஆழத்தில் பந்து வரும்போது இடையூறு செய்தால், தவறு நடந்த இடத்துக்கே பந்து போய்விடும். 40 கெஜம் என்றால் 40 கெஜம். கல்லூரியில் அந்தத் தண்டனை அதிகபட்சம் 15 கெஜம். தோற்றுப்போனால் பிடித்து இழுத்துவிடலாம் என்று பழகியவருக்கு மேலே போனதும் விலை ரொம்ப அதிகம்.

படி 6: இன்டர்செப்ஷன்களைப் பிரித்து எண்ணுங்கள்

எண்ணிக்கை பொய் சொல்லாது, ஆனால் முழுக்கதையும் சொல்லாது. ஒவ்வொரு இன்டர்செப்ஷனையும் மூன்று வகையில் ஒன்றாகப் பிரியுங்கள். வேறொருவர் கையில் பட்டு எகிறி வந்து விழுந்தது. குவார்ட்டர்பேக் அவசரத்தில் அவர் நெஞ்சுக்கே எறிந்தது. அவரே படித்து, கிளம்பி, இடத்தைச் சேர்ந்து பறித்தது. மூன்றாவது வகைதான் அவரோடு என்எஃப்எல்லுக்கும் வரும்.

இல்லினாய்ஸின் கர்பி ஜோசப் 2021இல் ஒரே ஒரு ஆண்டுதான் முழுநேரத் தொடக்க ஆட்டக்காரர். 5 இன்டர்செப்ஷன். "ஒரு வருடம்தானே" என்று பலரும் தயங்கினார்கள். 2022இல் 97வது இடத்தில் லயன்ஸ் எடுத்தது. 2024 சீசனில் 9 இன்டர்செப்ஷனோடு என்எஃப்எல் முழுவதிலும் முதலிடம். மயாமியின் கம்ரன் கின்சன்ஸ் 2022இல் 6, 2023இல் 5. காம்பைனில் 4.65 வினாடி ஓடியதும் பெயர் சரிந்தது. ராம்ஸ் 99வது இடத்தில் எடுத்தது. முதல் சீசனிலேயே 4 பிடித்தார்; அதில் ஒன்று சியாட்டிலில் 103 கெஜம் ஓடி டச்டவுன். இரண்டு பேரும் பந்தைத் தேடிப் போகிறவர்கள். அந்தப் பழக்கம் நிறுத்தக் கடிகாரத்தில் பதிவாவதில்லை.

கைக்கு வந்து தவறவிட்ட பந்துகளையும் எழுதிக்கொள்ளுங்கள். 3 பிடித்து 5 விட்டவர் சரியான இடத்தில் எட்டு தடவை இருந்திருக்கிறார். கை பழக்கத்தில் திருந்தலாம். இடம் அவ்வளவு எளிதில் திருந்தாது.

படி 7: நிறுத்தக் கடிகாரத்தை எங்கே வைப்பது

இண்டியானபோலிஸில் நடக்கும் காம்பைன் எண்களை நான் வேண்டுமென்றே ஏழாவதாக வைத்திருக்கிறேன். காணொளியைப் பார்த்து எழுதி முடித்த பிறகுதான் அவற்றைத் திறக்க வேண்டும். முன்னால் பார்த்துவிட்டால் கண் அதன் வழியே போகும்.

2017இல் கனெக்டிகட்டின் ஒபி மெலிஃபான்வு 6 அடி 4 அங்குலம், 224 பவுண்ட், 4.40 வினாடி ஓட்டம், 44 அங்குலம் மேல்நோக்கிய தாவல், 11 அடி 9 அங்குலம் நீளத் தாவல். நம்ப முடியாத எண்கள். ரெய்டர்ஸ் 56வது இடத்தில் எடுத்தது. காயங்களும் சேர்ந்துகொள்ள, சில ஆட்டங்களோடு அவருடைய பயணம் முடிந்துவிட்டது. 2025இல் தென் கரோலினாவின் நிக் எமன்வோரி ஏறத்தாழ அதே உடம்பு, 6 அடி 3, 220 பவுண்ட்; 4.38 வினாடி, 43 அங்குலம், 11 அடி 6 அங்குலம். எண்களை மட்டும் அடுத்தடுத்து வைத்தால் இருவரும் இரட்டையர். மூன்று ஆண்டுகள் தென்கிழக்கு மாநாடு (எஸ்இசி) என்ற கல்லூரி லீக்கின் வலுவான அணிகளோடு எமன்வோரி ஆடியதைப் பார்த்த பிறகுதான் அவருடைய எண்களுக்கு அர்த்தம் வந்தது.

மறுபக்கம் நோட்டர் டேமின் கைல் ஹாமில்டன். 2022இல் முதல் ஐந்து இடங்களுக்குள் பேசப்பட்டவர், 4.59 வினாடி ஓடியதும் பேச்சு அடங்கியது. 14வது இடத்தில் பால்டிமோர் ரேவன்ஸ் எடுத்தது. அடுத்த ஆண்டே ஆல்-புரோ, அதாவது ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர்கள் பட்டியலின், முதல் அணியில் இருந்தார். 6 அடி 4 அங்குல ஆளின் ஒரு எட்டு எவ்வளவு தூரம் போகிறது, பந்து கிளம்பும் முன்பே அவர் எப்படிக் கிளம்புகிறார் என்பதெல்லாம் காணொளியில் அப்பட்டமாகத் தெரிந்தவை.

கடிகாரம் ஒரு சந்தேகத்தைத் தீர்க்க உதவும். "இவர் நடு ஆழத்தில் தாமதமாக வந்தது படிக்காததாலா, கால் ஓடாததாலா?" என்று உங்கள் குறிப்பில் கேள்வி இருந்தால், 40 கெஜமும் அதன் முதல் 10 கெஜமும் பதில் சொல்லும். வேகமாக ஓடக்கூடியவர் தாமதமாக வந்தால் படிப்பதில் குறை. கேள்வி எதுவும் இல்லாமல் எண்ணைப் பார்த்தால் அது வெறும் எண்.

கல்லூரியிலேயே நடக்கும் புரோ டே எண்களைத் தனியாகக் குறியுங்கள். பல இடங்களில் கையால் அழுத்தும் கடிகாரம். காம்பைனோடு நேரடியாக ஒப்பிட முடியாது.

படி 8: எதிரணி, வயது, காயம்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். சிறிய கல்லூரி என்பதற்காக யாரையும் தள்ள வேண்டாம். இரண்டாம் பிரிவு லெனோர்-ரைன் கல்லூரியின் கைல் டக்கரை 2020இல் பேட்ரியட்ஸ் 37வது இடத்தில் எடுத்தது. மிடில் டென்னசியின் கெவின் பயர்டுக்குக் காம்பைன் அழைப்பே வரவில்லை. 2016இல் 64வது இடத்தில் போய், டைட்டன்ஸில் ஆல்-புரோ ஆனார். சிறிய கல்லூரி ஆட்டக்காரர் தன் மட்டத்தில் ஆதிக்கம் செலுத்துகிறாரா, பெரிய அணியோடு மோதிய ஓரிரு ஆட்டங்களில் அதே ஆளாகத் தெரிகிறாரா என்பதைப் பாருங்கள்.

கொரோனாவுக்காக 2020இல் ஒரு கூடுதல் ஆண்டு கொடுத்ததாலும், கல்லூரி மாறுவது எளிதானதாலும், 24 வயதில் வருபவர்கள் கூடிவிட்டார்கள். 20 வயதுப் பையனையும் 24 வயதுக்காரரையும் ஒரே சீசனை வைத்து ஒப்பிடுவது நியாயமல்ல. காயத்தில் ஒரு முறை முறிந்தது வேறு, திரும்பத் திரும்ப வருவது வேறு. அலபாமாவின் எடி ஜாக்சன் கால் முறிந்து, 2017இல் 112வது இடம் வரை சரிந்தார். 2018இல் சிகாகோவுக்கு ஆல்-புரோ.

படி 9: பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்

2025 டிராஃப்டின் மூவரை எடுத்துக்கொள்ளலாம். ஜார்ஜியாவின் மலாக்கி ஸ்டார்க்ஸ், முன்பு சொன்ன எமன்வோரி, நோட்டர் டேமின் சேவியர் வாட்ஸ்.

ஸ்டார்க்ஸ் 6 அடி 1 அங்குலம், 197 பவுண்ட், 4.50 வினாடி. கல்லூரியில் முதல் ஆண்டிலிருந்தே தொடக்க ஆட்டக்காரர். மூன்று ஆண்டில் 6 இன்டர்செப்ஷன்தான். ஆனால் 2024இல் கிளெம்சனோடு ஆடியபோது உடம்பை முழுக்க நீட்டிப் பறித்த பந்தை மூன்றாவது வகையில் தயங்காமல் எழுதலாம். என் தாளில் மூன்று பத்தியிலும் அவர் பெயர் வந்தது. எதிலும் உச்சம் இல்லை, எதிலும் ஓட்டையும் இல்லை.

எமன்வோரி 2024இல் 88 டேக்கிள், 4 இன்டர்செப்ஷன், அதில் இரண்டு டச்டவுன். முன்வரிசைப் பத்தியில் அவருக்கு முதலிடம். ஆழத்தில் உடம்பைத் திருப்பி ஓட வேண்டிய இடங்களில் எனக்குக் கேள்வி இருந்தது. அவரை நடு ஆழ வேலைக்கு ஸ்டார்க்ஸோடு ஒப்பிட்டால் தோற்பார். டைட் எண்டை எதிர்த்து நிற்கும் வேலைக்கு ஒப்பிட்டால் ஜெயிப்பார்.

வாட்ஸ் 2023இல் 7, 2024இல் 6. 2023இல் நாட்டின் சிறந்த டிஃபென்ஸ் ஆட்டக்காரருக்கான பிராங்கோ நகுர்ஸ்கி விருது பெற்றவர். நோட்டர் டேமுக்கு ரிசீவராக வந்து மாறியவர் என்பதால் பந்து காற்றில் இருக்கும்போது அவர் கண்ணும் கையும் ரிசீவருடையவை. நேர்கோட்டு வேகம் நடுத்தரம். பாதி ஆழப் பத்தியில் அவரை முதலில் வைத்தேன். தனியாக நடு ஆழத்தில் விட யோசிப்பேன்.

இப்படி மூன்று பத்தியில் மூன்று முதலிடங்கள். "மொத்தத்தில் யார்?" என்று வற்புறுத்தினால் ஸ்டார்க்ஸ். எந்த அணிக்குப் போனாலும் முதல் நாளே வேலை கொடுக்கலாம் என்பதுதான் காரணம்.

படி 10: சுற்று எது, வீடு எது

கடைசியாக விலை. என்எஃப்எல் அணிகள் சேஃப்டிக்கு முதல் சுற்றைச் செலவழிக்கத் தயங்குகின்றன. 2023இலும் 2024இலும் முதல் சுற்றில் ஒரு சேஃப்டிகூடப் போகவில்லை. 2024இன் முதல் சேஃப்டி, மினசோட்டாவின் டைலர் நூபின், 47வது. முதல் சுற்று ஆட்டக்காரருக்கு மட்டும்தான் ஒப்பந்தத்தில் ஐந்தாவது ஆண்டை அணி தன் விருப்பப்படி சேர்த்துக்கொள்ள முடியும். அதனால் மூன்று வேலையும் செய்பவருக்கு மட்டும் முதல் சுற்று மதிப்பெண் கொடுங்கள். ஒரு வேலையில் மிக நன்றாகவும் இன்னொன்றில் பரவாயில்லை என்றும் இருப்பவர் இரண்டாவது சுற்று. ஒரே வேலைக்காரர் மூன்றாவது, நான்காவது.

இந்தியாவிலிருந்து பார்ப்பவர்கள் வெள்ளிக்கிழமை காலை 5.30க்கு முதல் சுற்றைப் பார்த்துவிட்டு நிறுத்திவிட வேண்டாம். சேஃப்டிகளின் பெயர்கள் அதிகம் வருவது சனிக்கிழமை அதிகாலை 4.30க்குத் தொடங்கும் இரண்டாவது, மூன்றாவது சுற்றுகளில்தான்.

பெயர் அழைக்கப்பட்டதும் அணியின் பெயரை உங்கள் தாளில் எந்தப் பத்திக்கு நேராக எழுதுவது என்று பாருங்கள். ஸ்டார்க்ஸை 27வது இடத்தில் ரேவன்ஸ் எடுத்தது. ஹாமில்டன் எங்கெங்கோ நகர்ந்து ஆடும் அணி அது. பக்கத்தில் நிற்பவருக்கு எல்லா வேலையும் தெரிந்திருக்க வேண்டும். எமன்வோரிக்காக சீஹாக்ஸ் வரிசையில் மேலே ஏறி வந்து 35வது இடத்தில் எடுத்தது. அங்கே தலைமைப் பயிற்சியாளர் மைக் மெக்டொனால்ட். 2022இலும் 2023இலும் பால்டிமோரின் டிஃபென்ஸை நடத்தி, ஹாமில்டனை முன்வரிசைக்கும் ஸ்லாட்டுக்கும் கொண்டுவந்து ஆடவைத்தவர் அவர்தான். வாட்ஸ் 96வது இடம் வரை காத்திருந்து அட்லாண்டா ஃபால்கன்ஸுக்குப் போனார். ஆழத்தில் அவருக்குத் துணையாக சேஃப்டி ஜெஸ்ஸி பேட்ஸ் ஏற்கெனவே அங்கே இருந்தார்.